இல்லாத காலின் வலி

இல்லாத காலில் வலி இருக்க முடியுமா? முள்ளியவளையிலும் சுற்றுக் கிராமங்களிலும் மிதிவெடிக்கும் எறிகணைக்கும் காலைப் பறிகொடுத்தோர், போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களிற் சிலர், அற்றுப்போன பாதத்தின் விரல்கள் எரிகின்றன என்கின்றனர். கேட்போர் பலர் அதை மனப்பிரமை என்று தள்ளிவிடுகின்றனர். கண்ணுக்குத் தெரியாத துன்பத்தை நம்பும் கடமை நமக்கு உண்டா என்பதே ஈண்டு எழும் வினா.

முதலில் விஞ்ஞானத்தைக் கேட்போம். உடலின் ஒவ்வொரு பகுதியின் தொடுகைக்கும் மூளையின் மேற்பரப்பில் ஓர் இடம் உண்டு. கனடாவில் வைல்டர் பென்பீல்ட், 1930களில், விழித்திருந்த நோயாளரின் மூளையைச் சிறு மின்சாரத்தால் தூண்டி இப்படத்தை வரைந்தார். அதில் கைக்கு அயலில் இருப்பது முகம். 1980களில் அமெரிக்காவில் மேர்செனிக், காஸ் என்போர் குரங்கின் கை நரம்பொன்றை வெட்டினர். அந்நரம்புக்குரிய இடம் தரிசாகக் கிடக்கவில்லை. கையின் அயற்பகுதிகளைத் தொட்டபோது அது விழித்தெழுந்தது. தமிழ்நாட்டிற் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், 1990களின் தொடக்கத்தில், கையிழந்த சிலரின் கன்னத்தைத் தொட்டார். அவர்களோ அத்தொடுகையை இல்லாத விரல்களிலும் உணர்ந்தனர்.

வெற்றிடத்தை அயலான் கைப்பற்றிவிட்டான் என்றே அன்று பலரும் முடிவு செய்தனர். ஆயின் 2025இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மூவரைக் கை அகற்றப்படுமுன்னும் பின்னும் சோதித்தது. இல்லாத கையை அசைக்க அவர்கள் முயன்றபோது, மூளையிற் பழைய கையின் படம் பெரிதும் மாறாதிருந்தது. இவ்விவாதம் இன்னும் முடியவில்லை. எனினும் ஒன்றில் இரு சாராரும் உடன்படுவர்: அவ்வலி பாசாங்கு அன்று, நரம்பிலும் மூளையிலும் வேர்கொண்டது.

அப்படியானால், விஞ்ஞானம் சான்று தந்ததனாற்றான் நாம் நம்ப வேண்டுமா? அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்தோரைக் கண்ட வைத்தியர் வெயர் மிச்சல், 1871இல் இதற்குப் 'பேயுறுப்பு' என்று பெயரிட்டார். அப்பெயர் பிறக்குமுன்னரே அவர்கள் வலியால் துடித்தனர். கருவிகள் வருமுன்னரே அவர்கள் சொன்னது உண்மை. துன்புற்றவனின் சொல்லே முதற்சான்று.

பொய்யுரைப்போரும் இருக்கமாட்டாரோ எனலாம். இருக்கலாம். ஆனால் பொய்யன் ஒருவனை நம்புவதால் நாம் இழப்பது சிறிது. மெய்யன் ஒருவனை நம்ப மறுத்தாலோ, அவன் வலியோடு தனிமையையும் சேர்த்துச் சுமக்கச் செய்கிறோம்.

நம்பிக்கை செயலாகவும் வேண்டும். 1968இல் ஜெய்ப்பூர்க் காலை உருவாக்கியவர்கள், கைவினைஞர் இராம்சந்திர சர்மாவும் வைத்தியர் சேத்தியும். வினைஞனின் கையும் அறிஞனின் அறிவும் இணைந்த அச்சாதனை எண்ணற்றோரை நடக்க வைத்தது. எனினும் செயற்கைக் கால் நடையைத் தருமேயன்றி, வலி தீருமென்று உறுதி தராது. எனவே காலைக் கொடுத்ததோடு கடமை தீர்ந்ததென்று சமுதாயம் கணக்கை மூடலாகாது. வலிக்கான வைத்தியமும் அதைப் பொறுமையோடு கேட்கும் செவியும் கிராமத்து ஏழைக்கும் உரியன. அவை சலுகை அல்ல, உரிமை.