கேட்கும் இடம்

அல்லைப்பிட்டியில் பெண் கேட்பதற்கென்று ஓர் இடம் இருந்தது: அவள் தந்தையின் வீட்டு விறாந்தை. தரகர் வருவார், சாதகமும் சீதனக் காணியும் பேசப்படும். பெண் கதவின் பின்னே நிற்பாள். கேள்வி அவளைப் பற்றியது, கேட்கப்பட்டதோ அவளிடமன்று.

போர் அம்மக்களைப் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் சிதறடித்தது. இன்று அவர்களின் பிள்ளைகளுட் சிலர், காதலியுடன் பிறநாடு செல்கையில், மணம் புரியச் சம்மதமா என்று எங்கே வைத்துக் கேட்பதென ஆராய்கின்றனர். ஈபிள் கோபுரத்திலா, கடற்கரையிலா? கேள்வி அவளிடமே கேட்கப்படுகிறது. இது முன்னேற்றமே, மறுப்பதற்கில்லை.

ஆயினும் சிந்திப்போம். அந்நியர் கூட்டம் சூழ்ந்து நிற்க, படக்கருவிகள் நோக்க, திரும்பும் பயணச்சீட்டு அவன் பையிலிருக்க, அவளால் 'இல்லை' என்று சொல்ல இயலுமா? அன்று கதவின் பின்னே மௌனம். இன்று கூட்டத்தின் நடுவே கட்டாயப் புன்னகை. இரண்டுக்கும் இடையே தூரம் எவ்வளவு?

இன்னொன்றும் உண்டு. ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, தன் பெயரிலுள்ள காணியை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென 1911 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஒருமுறை அவளிடம் சம்மதம் கேட்டவனிடம், அவள் ஆயுள் முழுதும் சம்மதம் கேட்க வேண்டுமாம்!

ஆகவே, அவள் தயங்காது மறுக்கவும், மறுத்தபின் அச்சமின்றி வீடு திரும்பவும் கூடிய இடமே தக்க இடம். பண்ணைக் கடலோரமே அதற்குப் போதும். ஆனால், கேட்பவன் சீதனத்தையும் அவள் காணிமீதுள்ள அதிகாரத்தையும் துறந்து வரவேண்டும்.