வெட்டியவர் யார்?



ஆண்டவருடைய பாடுகளின் வரலாற்றை நின்றுகொண்டே கேட்டோம். பெரியவர்களுக்குக் கால் கடுத்திருக்கும். அதில் ஒலிவ மலையில் நடந்த ஒரு சின்ன நிகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தலைமைக் குருவின் பணியாளருடைய காது வெட்டுப்பட்டதை நான்கு நற்செய்தியாளர்களும் சொல்கிறார்கள். வெட்டியவர் பேதுரு, வெட்டுப்பட்டவர் மால்கு என்று பெயர் சொல்பவர் யோவான் ஒருவரே. அந்தக் காதை இயேசு தொட்டு நலமாக்கினார் என்று எழுதியவர் லூக்கா ஒருவரே. நலம் பெற்றவர் இயேசுவைப் பிடிக்க வந்த கூட்டத்து ஆள். காயப்படுத்தியவரோ இயேசுவின் சொந்தச் சீடர், நம் முதல் திருத்தந்தை.

மைசூரில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இந்த வாசகம் இன்னொரு வரலாற்றையும் நினைவூட்ட வேண்டும். 1656-இல் மைசூர் அரசர் கண்டீரவ நரசராஜரின் படை மதுரை நாயக்கர் நாட்டுக்குள் புகுந்து, அகப்பட்டவர்களின் மூக்கை மேலுதட்டோடு அறுத்து மூட்டை மூட்டையாக இங்கே அனுப்பியது. பிறகு மதுரைப் படை மைசூர் நாட்டுக்குள் வந்து அதையே திருப்பிச் செய்தது. மூக்கறுப்புப் போர் என்றே அதற்குப் பெயர். திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய இயேசு சபைக் குரு அந்தாம் தெ புரோயென்சா 1659-இல் எழுதிய கடிதம் இதைச் சொல்கிறது. அந்தப் பக்கமும் நம்மவர், இந்தப் பக்கமும் நம்மவர்.

மூக்கறுப்புப் போருக்கு 136 ஆண்டுகள் கழித்து, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்காக நடந்த போர். ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டிய மராத்தியர் கவாஸ்ஜி, திப்பு சுல்தானின் படையிடம் சிக்கினார். மூக்கையும் ஒரு கையையும் வெட்டி அனுப்பினார்கள். ஓராண்டு மூக்கில்லாமல் நடமாடியவருக்குப் புனே அருகே ஒருவர் புது மூக்கு வைத்தார். அவர் செங்கல் சுடும் குலத்தைச் சேர்ந்தவர். மெழுகில் மூக்கு செய்து பார்த்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, ஓரத்தில் கோடு போட்டு, அந்த அளவுக்கு நெற்றித் தோலை உரித்தார். புருவங்களுக்கு நடுவே மட்டும் ஒரு சிறு துண்டை அறுக்காமல் விட்டார். இரத்தம் அந்த வழியாகத்தான் ஓடியாக வேண்டும். தோலைத் திருப்பிக் கீழே கொண்டுவந்து பொருத்தி, வெற்றிலை போடுகிறவர்களுக்குத் தெரிந்த அதே காசுக்கட்டியைக் குழைத்துத் துணியில் தடவி ஒட்டினார். இருபத்தைந்தாம் நாள் வாக்கில் அந்த இணைப்புத் துண்டையும் அறுத்துவிட்டார்கள்.

1794 அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் இந்தச் செய்தியைப் படத்தோடு வெளியிட்டது. அதைக் கொண்டு ஜோசப் கார்ப்பூ என்ற மருத்துவர் 1814-இல் லண்டனில் அதே சிகிச்சையைச் செய்தார். இன்றைய பிளாஸ்டிக் சர்ஜரியின் வேர்களில் ஒன்று இது. பக்கத்தில் நின்று பார்த்த ஆங்கிலேய மருத்துவர்களின் பெயர் அந்தச் செய்தியில் இருக்கிறது. மூக்கு வைத்தவரின் பெயர் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

உடலைச் சீர்செய்யும் கத்தியைத் திருச்சபை எதிர்க்கவில்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இறப்பதற்கு ஐந்து நாள் முன்பு, 1958 அக்டோபர் 4 அன்று, இத்தாலிய பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர்களிடம் பேசினார். உடல் அழகும் ஒரு நன்மைதான், ஆனால் அதுவே உச்ச நன்மை ஆகாது என்றார். நோக்கம் நேர்மையாக இருக்க வேண்டும், உடல்நலத்துக்குப் பெரிய ஆபத்து வரக்கூடாது, தக்க காரணம் வேண்டும் என்றார். குற்றவாளி நீதிக்குத் தப்ப முகத்தை மாற்றிக்கொள்வது ஆகாது என்றுகூடச் சொன்னார். மனிதர் எதற்கெல்லாம் கத்தியைத் தேடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

'பழுதானதைச் சரிசெய்யலாம், இருப்பதை மெருகேற்றக் கூடாது; அவ்வளவுதானே சாமி?' என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அந்தக் கோட்டை அவ்வளவு எளிதாகப் போட்டுவிட முடியாது. கொல்லிமலையில் மறைப்பணியாளர்களின் மகனாகப் பிறந்த டாக்டர் பால் பிராண்டு, வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து நிமிர வைத்தார். அவரும் உடன் உழைத்தவர்களும் தலைமுடியுள்ள தோலை எடுத்துப் புருவமும் வைத்தார்கள். புருவம் இல்லாவிட்டால் சோறு இறங்காதா என்ன? அது வெறும் அழகு வேலைதான். ஆனால் புருவம் உதிர்ந்த முகத்தைக் கண்டால் ஊர் 'பெருவியாதி' என்று ஒதுங்கியது. பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியானது. அந்த அழகு வேலை ஒரு மனிதரை வீட்டுக்குத் திரும்ப அனுப்பியது. கை நிமிர்ந்த பிறகும் வேலை தருவாரில்லை, பிச்சைக்கும் அந்தக் கை உதவவில்லை என்று ஒரு நோயாளி பிராண்டிடம் வந்து சொன்னார். கையைச் சரிசெய்தால் போதாது என்று புரிந்துகொண்டு, தச்சுத் தொழில் கற்றுக்கொடுக்க ஒரு குடியிருப்பை அங்கே அமைத்தார்கள்.

ஆகவே கத்தி எதைச் செய்கிறது என்று கேட்பதற்கு முன்னால், இந்த உடல் போதாது என்று கத்தியைத் தேடிப் போகிறவருக்குச் சொன்னவர் யார் என்று கேட்கிறேன். 2022 மே மாதம் பெங்களூருவில் 21 வயது நடிகை ஒருவர் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் போய் உயிரோடு திரும்பவில்லை. அந்தப் பிள்ளையைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிறம் வெளுக்க ஊசி போட்டுக்கொள்ளும் மணப்பெண்ணையும், முடி நட்டுக்கொள்ளப் போகும் மாப்பிள்ளையையும் பார்க்கும்போதும் அப்படித்தான். அவர்களை வெட்டிய வாள் வேறொருவர் கையில் இருக்கிறது.

பிறக்கப்போகும் பிள்ளையின் மரபணுவைத் திருத்தி உயரமும் அறிவும் சேர்க்கலாம் என்ற பேச்சும் வருகிறது. நோயைக் குணமாக்குவதைத் திருச்சபை மறுக்கவில்லை. ஆனால் சில குணங்களை மட்டும் உயர்த்திப் பிடித்தால் அவை இல்லாதவர்கள் இரண்டாம் தர மனிதராகிவிடுவார்கள் என்று 2008-இல் வெளிவந்த 'டிக்னிதாஸ் பெர்சோனே' ஆவணம் எச்சரிக்கிறது. சாதியில் புழங்கிய நமக்கு இது புதிய பாடமா?

மீண்டும் காதுக்கே வருவோம். நம் ஊர் மானசகங்கோத்ரியில் அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. அங்கே கைக்குழந்தையோடு வரும் தாய்மாரைப் பார்த்திருப்பீர்கள். காது கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்திய அன்றே குழந்தை பேசிவிடாது. ஒலியைப் பேச்சாகப் புரிந்துகொள்ள மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். கருவி வேண்டாம், எங்களுக்குச் சைகை மொழி போதும் என்கிற காது கேளாதோரும் உண்டு. அவர்களை அரைகுறை மனிதராகப் பார்க்க நமக்கு உரிமை இல்லை. இரு சாராருக்கும் கோயிலில் இடம் வேண்டும். மறையுரைக்குச் சைகையும் வேண்டும்.

மால்குவின் கதைக்கு யோவானில் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது, தோட்டத்தில் உன்னைப் பார்த்தேனே என்று மடக்கியவர் மால்குவின் உறவினர். அதற்கும் பேதுரு இல்லை என்று சாதித்தார். காயம் ஆறியிருக்கலாம், வெட்டியவர் பொறுப்பேற்கவில்லை.

வெட்டும் வாள் நம் கையிலும் இருக்கிறது. நம் பங்கில் வரன் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதில் படிப்புக்கும் வேலைக்கும் அடுத்து 'நிறம்' என்று ஒரு கட்டம். 'சிவப்பு', 'மாநிறம்' என்று பெற்றோரே நிரப்பித் தருகிறார்கள். கறுப்பு என்று ஒருவரும் எழுதுவதில்லை. அந்தக் கட்டம் இல்லாமல் புதுப் படிவம் அச்சடிக்கச் சொல்லிவிட்டேன். வரன் அமையாது என்று வருத்தப்படுகிறவர்கள் திருப்பலி முடிந்ததும் அலுவலகத்துக்கு வாருங்கள், பேசுவோம்.