கவலையும் வாட்டமும்

சகச மலமாகிய ஆணவத்தின் காரியங்களை மோகம், மதம், அராகம், கவலை, தாபம், வாட்டம், விசித்திரம் என ஏழாக வகுத்துரைப்பர் சித்தாந்த நூலோர். இவ்வேழனுள் கவலையும் வாட்டமும் ஒருங்கு எண்ணப்பட்டமை கருதத்தக்கது. இக்கால மருத்துவர் முன்னதனைப் பதற்ற நோயென்றும் பின்னதனை மனச்சோர்வு நோயென்றும் வேறு வேறாக வைத்துப் பின்னர், இரண்டும் ஒருவர்பால் ஒருங்கு நிகழ்தல் மிகுதி எனக் கண்டனர். உலக சுகாதார நிறுவனத்தார் 1992-இல் வெளியிட்ட நோய்ப்பகுப்பின் பத்தாம் பதிப்பில் இக்கலப்பு நிலை தனிப்பெயர் பெற்று நிற்கின்றது. இதுகொண்டு, மேலைநாட்டார் பிந்திக் கண்டதனை நம்மவர் முந்திக் கண்டனர் என்று மேடையிற் பெருமை பேசுவாருமுளர். யாம் அதற்கு உடன்படேம். நூலோர் கூறியது மலத்தின் இயல்பு. மருத்துவர் கூறியது நோயின் இயல்பு. இரண்டனையும் ஒன்றென மயங்குதலான் நோயுற்றார்க்கு விளையும் இடர் சிறிதன்று.

திருவொற்றியூர்க்கு வடபால் அடுத்துள்ள எர்ணாவூரில், திருமுறை வகுப்பொன்றன் முடிவில் ஓர் அம்மையார் எம்மை வினவினர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலையால் மனையிழந்து அங்குக் குடியேற்றப்பட்டோருள் ஒருவர் அவர். 2023 டிசம்பரில் மிக்சாங் புயல் மழையின்போது, மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பாலைப் பக்கத்தினின்று பரந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. எர்ணாவூர் மனைகளினுள்ளும் அவ்வெண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்தது. அத்திங்கள் 26-ஆம் நாள் நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயினின்று அமோனியா ஆவி கசிய, மக்கள் மூச்சுத் திணறி இருளில் ஓடினர். பேரலை வந்த அதே நாள். இடையிற் சென்றன பத்தொன்பது ஆண்டுகள். அதன்பின் வானம் கறுத்தால் அவ்வம்மையார்க்கு நெஞ்சு படபடக்கும், இரவில் உறக்கமில்லை, பகலில் அடுப்பு மூட்டவும் மனம் எழுவதில்லை. “ஐயா, ஆண்டவனை நம்பினால் சரியாகும் என்கிறார்கள். நம்பித்தான் இருக்கிறேன், சரியாகவில்லை. இது என் பக்திக் குறையா, என் வினையா?” என்றார்.

உடனிருந்த அன்பர் ஒருவர், “எல்லாம் வினைதான், அம்மா” என்று ஒரு சொல்லில் முடித்தனர். அது பொய்யன்று, ஆயினும் விடையுமன்று. காரணம் முதல், துணை, நிமித்தம் என மூவகைத்து என்றும், குடத்திற்கு மண்ணும் திகிரியும் குயவனும் போல என்றும் மாணவப் பருவத்திலேயே பயின்றிருக்கின்றோம். குடம் ஏன் உடைந்தது என்று வினவினார்க்கு, ‘மண்ணால் ஆயது ஆகலின்’ என்பது விடையாமோ? ஆணவம் சகலர் அனைவர்க்கும் பொது. பொதுவாயதொன்று, இவர்க்கு இன்னபொழுது இந்நோய் வந்ததற்குச் சிறப்புக் காரணமாதல் செல்லாது. வினையும் தானே வந்து பொருந்துவதன்று. வாயில் பற்றியே வரும். அவ்வாயிலை ஆராயாது வினையென்று வாளா இருத்தல், கற்றார் செயலன்று.

இனி, கவலையும் வாட்டமும் ஒருங்கு நிற்றற்கு ஏது யாதெனின், கால தத்துவத்தின் இயல்பை நோக்கினால் ஒருவாறு விளங்கும். சென்றதற்கு எல்லையும், நிகழ்வதற்குப் பயனும், வருவதற்குப் புதுமையும் தருவது காலம் என்பர். உளநலமுடையார்க்குச் சென்ற துன்பம் ஓர் எல்லையில் நின்றுவிடும். வருவது இன்னும் அறியப்படாத புதியதாய் இருக்கும். எர்ணாவூர் அம்மையார் போல்வார்க்கோ சென்றது நிற்கவில்லை. அதுவே மீண்டும் வருவதாய் எதிரே தோன்றுகின்றது. பின்னோக்கின் இழப்பு, ஆகலின் வாட்டம். முன்னோக்கின் அவ்விழப்பே மீள வருதல், ஆகலின் கவலை. ஒரு பொருளையே இரு பக்கத்தும் காண்டலின் இரு நோயும் ஒரு நோயாய் விடுகின்றன. இடைப்பட்ட நிகழ்காலம் பயன் தாராது வெறிதே கழியும். மூட்டாத அடுப்பே அதற்குச் சான்று. ஒருமுறை மட்டும் துன்புற்றாரினும், தேறுமுன் மீண்டும் மீண்டும் துன்புற்றார்பால் இஃது ஆழ வேரூன்றுதல் இதனாற் பெறப்படும். குடிவழி வரும் உடற்கூறு, உறக்கக் கேடு, வறுமை, தனிமை என மருத்துவர் கூறும் ஏதுக்களும் துணைக்காரணமாய் உடன் நிற்பன.

பிராரத்தம் ஆதிதைவிகம், ஆதியான்மிகம், ஆதிபௌதிகம் என்னும் மூவழியான் வரும். புயலும் பேரலையும் பூதங்களின் வழி வந்தன. எண்ணெயும் நச்சாவியும் அவ்வாறல்ல. மக்கள் செயலின் வழி வந்தன. பிறர் வழியாக ஒருவர்க்கு வினை வந்து ஊட்டும் என்பதனால், அப்பிறர் குற்றமற்றவராதல் இல்லை. தம் செயற்கு ஆகாமியம் அவர்க்கு ஏறும் என்பது சித்தாந்தத் துணிபு. வினை பற்றிய சொற்பொழிவு கழிமுகத்தில் வலை வீசி வெறுங்கையோடு மீள்வார்க்கே நிகழ்த்தப்படுகின்றது. ஆலை நடத்துவார் மன்றிற் சென்று ஆகாமியம் பேசினாரை யாம் கண்டிலேம்.

பக்திக் குறையோ என்ற வினாவிற்கு விடை இன்னும் எளிது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் மாயையின் காரியங்கள், ஆகலின் சடம். அவை உயிரின் கருவிகளே அன்றி உயிரல்ல. இராசதம் மிகின் அவை நடுங்கும். தாமதம் மிகின் மடங்கும். இரண்டும் மிகின் நடுங்கியவாறே மடங்கிக் கிடக்கும். கண் புரையோடினார்க்குக் கண் மருத்துவரைக் காட்டும் நாம், சித்தம் நோவுற்றார்க்கு மட்டும் நம்பிக்கையை அளந்து பார்ப்பது என்ன முறை? 1794-இல் தோன்றிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் பெயரைச் சென்னையில் வசைமொழியாக வழங்கும் வழக்கம், சைவர் நாவிலும் இருத்தல் நாணத்தக்கது. மருந்து ஆணவத்தை நீக்குமோ என்று கேட்பாருமுளர். நீக்காது, கண்ணாடியும் நீக்காது. கருவி செவ்விதாயின், திருமுறை ஓதவும் அடியாரோடு கூடவும் உயிர்க்கு வாய்ப்புண்டாம். அவ்வளவே அதன் பணி.

அம்மையார் ஊரை அடுத்த ஒற்றியூரிலே நிகழ்ந்தது ஒன்றுண்டு. சங்கிலியார்க்கு மகிழின்கீழ் உரைத்த சூளுறவைப் பிழைத்து எல்லை கடந்த சுந்தரர், அங்கேயே இரு கண்ணும் இழந்தனர். அவர்க்கு வந்தது தம் பிழையின் பயன் என்பதில் ஐயமில்லை. அங்ஙனமாகியும் இறைவன், பிழையை முற்றும் ஆராய்ந்து முடித்த பின்னரே உதவுவேன் என்று இருந்திலன். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் ஈந்தனன். அவ்வெண்பாக்கம் எண்ணூரிற் கடல் சேரும் கொசத்தலையாற்றின் மேற்பக்கத்தது. 1944-இல் முடிவுற்ற பூண்டி நீர்த்தேக்கத்தால் பழைய இடம் நீருள் மறைய, கோயில் பின்னர் வேறிடத்தே அமைக்கப்பட்டது. தம் பிழையான் வந்த குருட்டுக்கே கோல் தரப்பட்டதாயின், பிறர் பிழையான் வந்த நோய்க்கு மருந்தாகிய கோலை மறுத்தல் எந்நூல் கொண்டு? இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் ஆரூரிலும் பெற்றார் சுந்தரர். காஞ்சி சேருமளவும் அவர் அக்கோலை ஊன்றியே நடந்தார், பாடுதலையும் நிறுத்தவில்லை.