அழையாத விருந்தாளி

மாடியில் ஒருவர் குடியிருக்கிறார். பொழுதுபோக்காகத் தம் வீட்டிலேயே சிறு வானொலி நிலையம் வைத்து உலகத்தோடு பேசுகிறவர், 'ஹாம்' என்பார்கள். கீழ்வீட்டில் ஒரு சங்கீதப் பிரியர். மேலே இருப்பவர் மைக்கைக் கையில் எடுத்தால், கீழே ஆலாபனைக்கு நடுவில் தொண்டை கட்டிய குரல் ஒன்று கரகரக்கிறது. "அந்த மனுஷர் வாயை மூடினால் போதும், ஸார்" என்கிறார் கீழ்வீட்டுக்காரர். இந்த வழக்கில் குற்றவாளி யார்?

கேட்ட மாத்திரத்தில் ரசிகர் பக்கமே மனம் சாயும். ஆனால் மேல்வீட்டுக்காரர் அரசாங்க உரிமம் பெற்று, ஹாம்களுக்கென ஒதுக்கிய அலைவரிசையில்தான் பேசுகிறார். அது வீண் பேச்சும் அல்ல. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அடித்தபோது, போர்ட் பிளேரில் இருந்த ஹாம் குழு ஒன்றுதான் அந்தமானிலிருந்து செய்திகள் வெளியே வரத் துணைநின்றது.

அவர் ஒழுங்காகப் பேசினாலும் கீழே கேட்கத்தான் கேட்கும். ஒலிபெருக்கிக்குப் போகும் நீண்ட ஒயர் தானே ஏரியலாகிவிடுகிறது. அது பிடித்துவரும் அலை ஆம்ப்ளிஃபயரின் டிரான்சிஸ்டரில் சிக்கிக் காதில் விழும் சப்தமாக மாறுகிறது. கைப்பேசி மணியடிக்கச் சற்றுமுன் ஒலிபெருக்கியில் 'டட்டட் டட்டட்' என்று கேட்குமே, அதுவும் இதே கதைதான். ஜி.எஸ்.எம். கைப்பேசி விநாடிக்குச் சுமார் 217 தடவை விட்டுவிட்டு அலை வீசுகிறது. அந்தத் துடிப்பைத்தான் கேட்கிறோம்.

இதில் எனக்கு மிகவும் ருசித்த விஷயம் ஒன்று உண்டு. பாட்டுக் கருவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வரும் ஒயரின்மேல் உலோக வலை போர்த்துவது பாதுகாப்புக்காக. அந்த வலையை நுழைவாயிலிலேயே, பெட்டியின் உலோக உடம்போடு இணைத்துவிட வேண்டும். பல தயாரிப்பாளர்கள் அப்படிச் செய்யாமல் உள்ளே சர்க்யூட் பலகைவரை கொண்டுபோனார்கள். காவல்காரனே திருடனைக் கைப்பிடித்துப் பூஜையறைக்கு அழைத்துப் போன மாதிரி! நீல் மன்சி என்ற ஒலிப் பொறியாளர் 1995இல் இதை விளக்கிக் கட்டுரை எழுதினார்.

ஆக, கதவு திறந்திருப்பது கீழ்வீட்டில். மருந்தும் அங்கேதான் போடவேண்டும். ஒயரைக் குட்டையாக்கி, ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்திலேயே அதை ஒரு ஃபெரைட் வளையத்தில் சுற்ற வேண்டும். ஒரு தடவை நுழைத்தெடுத்தால் சிற்றலைக்கு அவ்வளவாகப் பலன் இராது. நாலு சுற்றுச் சுற்றினால் தடை ஏறக்குறைய 16 மடங்காகும்.

அதற்காக "உம் பெட்டிதான் குற்றம்" என்று சொல்லி மேல்வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொள்ளலாமா? கூடாது என்பது என் கட்சி. இந்த நுணுக்கமெல்லாம் அவருக்குத் தெரியும்; மற்றவருக்குத் தெரியாது. வளையத்தை எடுத்துக்கொண்டு அவர்தான் மாடிப்படி இறங்கி வரவேண்டும். சில காசு மிச்சம் பிடித்து, உள்ளே போடவேண்டிய சின்னக் கண்டென்சரை விட்டுவிட்ட தயாரிப்பாளரோ இந்தச் சண்டைக்கே வருவதில்லை.

வழக்கில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ரசிகர் வீட்டுக் கூடத்தில் மலிவு விலையில் வாங்கிய எல்.இ.டி. விளக்கு ஒன்று எரிகிறது. அதற்குள் மின்சாரம் விநாடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டுப்பட்டு ஓடுகிறது. வடிகட்டி இல்லாததால் அந்த இரைச்சல் வீட்டு ஒயரிங் வழியே பரவி, மாடியில் தூரதேசத்திலிருந்து மெலிந்து வரும் குரலை மூழ்கடிக்கிறது. இங்கே யாரும் கதவைத் திறந்து போடவில்லை. கேட்பதற்கென்றே செய்த கருவியின்மேல் குப்பை கொட்டப்படுகிறது. சொன்னால் ரசிகர் அந்த விளக்கைக் கழற்றுவாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். வெளிச்சம் நன்றாக இருக்கிறது. அவர் காதிலோ ஒன்றும் விழவில்லை.