கூண்டும் அட்டவணையும்

பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பது குற்றம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. 2024 ஏப்ரலில் கடலூரில் கிளி ஜோசியர் ஒருவரை வனத்துறையினர் இதன் பேரில் பிடித்தார்கள். கிளிகளை எடுத்துக்கொண்டு, அவரை எச்சரித்து விட்டார்கள். தென்னமெரிக்காவின் பஞ்சவர்ணக்கிளி விஷயம் வேறு. அதன் பெயர் வெகுகாலம் அந்தச் சட்டத்தின் அட்டவணைகளில் இல்லை. 2020-இல் மத்திய அரசு, அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாமாக அறிவித்தால் ஆவணம் கேட்பதில்லை என்றது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம், சர்வதேச வர்த்தக உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளவற்றைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2024 விதிகளின்படி அவற்றைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆக, ஒரு கிளிக்குத் தடை. இன்னொரு கிளிக்குப் பதிவுச் சான்று.

முரண் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இதற்குள் ஒரு தர்க்கம் இருக்கிறது. சட்டம் பார்ப்பது இனத்தை. பச்சைக்கிளி இந்த மண்ணுக்குரியது. பிடிக்கப் பிடிக்க இங்கே குறையும். பஞ்சவர்ணக்கிளி குறைந்தால் அமேஸான் காட்டில் குறையும். அந்தக் குறைவும் இப்போது நம் கணக்கில் சேர்ந்திருக்கிறது. நல்லதுதான். கணக்கு விரிந்ததே தவிர, கணக்கிடும் முறை மாறவில்லை.

இனம் என்பது ஒரு கருத்து. அதற்குப் பசியில்லை, சலிப்பில்லை. கூண்டுக்குள் இருப்பது எப்போதும் ஒரு தனிக் கிளி. தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும் கிளிக்குத் தன் பெயர் எந்த அட்டவணையில் இருக்கிறது என்று தெரியாது.

மிருகக்காட்சிசாலைக்காவது ஒரு பதில் உண்டு. வண்டலூரில் சிங்கவால் குரங்குகளை இனம் பெருக்குகிறார்கள். ஒன்றின் சிறை மற்றவற்றின் பிழைப்புக்கு என்று வாதிடலாம். வீட்டுக் கூண்டுக்கு இந்த வாதம் கிடையாது. அங்கே சொல்லப்படும் காரணம் பிரியம் ஒன்றே. ஜோசியர் சோற்றுக்காக இறகை வெட்டுகிறார். மாடிவீட்டுக்காரர் பிரியத்துக்காக அடைத்துவைக்கிறார். வெட்டுவது கொடுமை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சோற்றுக்கான கூண்டைத் தண்டித்து, பிரியத்துக்கான கூண்டைப் பதிவு செய்யும்போது, நாம் எடைபோடுவது கிளியின் துன்பத்தை அல்ல.

தனி உயிரைப் பற்றிப் பேசும் சட்டமும் நம்மிடம் உண்டு. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம், 11-ஆம் பிரிவு: நியாயமான அளவு அசைவதற்கு உயரமும் நீளமும் அகலமும் போதாத கூண்டில் ஒரு பிராணியை அடைப்பது குற்றம். இதை எழுதியவர்கள் எண்ணினார்களோ இல்லையோ, அசல் கேள்வி இங்கேதான் இருக்கிறது. பறவைக்கு அசைவு என்றால் பறத்தல். பறப்பதற்கு நியாயமான அளவு எத்தனை அடி?

இதற்குப் பதில் தேடினால் பெரும்பாலான கூண்டுகள், சான்று பெற்றவையும் பெறாதவையும், ஒரே வரிசையில் வந்து நிற்கும். அதனால்தானோ என்னவோ, கிளி யாருடையது, எங்கிருந்து வந்தது என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.