பட்டியலில் இல்லாதவர்கள்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை ஒன்று, அடுப்பு ஒன்று, கிளறின கரண்டியும் ஒன்று. அதனால் அது சரி. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று பிரித்து வைத்த சமூகம் கிளறின பானையா? எந்தச் சோற்றை எடுத்து எதற்குப் பதம் பார்ப்பது?

1950இல் மகலனோபிஸ் முயற்சியில் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. சில வீடுகளை மட்டும் கேட்டு நாட்டின் வாழ்க்கைச் செலவையும் வேலை நிலையையும் கணிப்பது அதன் பணி. ராயபுரத்தில் ஒரு வீட்டைக் கேட்டால், கேட்காத எத்தனையோ வீடுகளுக்காகவும் அந்த வீடு பேசுகிறது. ஒருவர் பலருக்காகப் பேசும் உரிமை எங்கிருந்து வருகிறது?

புள்ளியியல் இதற்கு ஒரு நியாயமான பதில் வைத்திருக்கிறது. மொத்தத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் தேர்வாகும் வாய்ப்பு இருக்க வேண்டும். அது எவ்வளவு என்றும் தெரிந்திருக்க வேண்டும். நூறில் ஒரு வாய்ப்பு உள்ளவர் தேர்வானால் நூறு பேருக்காக நிற்கலாம். சேரியைத் தனி அடுக்காக வைத்து அங்கிருந்தும் எடுத்தால் கிளறாத பானையையும் பதம் பார்க்கலாம். வாய்ப்பே பூஜ்யம் என்றால் அவருக்காக நிற்க யாருமில்லை. நான்கு மடங்கு வீடுகளைக் கேட்டால் தற்செயல் பிழை பாதியாகும். பட்டியலில் விட்டுப்போனவர் அப்போதும் விட்டுப்போனவரே.

யார் விட்டுப்போகிறார்கள்? நிலையான இருப்பிடம் இல்லாதவர்களை அந்த ஆய்வின் கள விதி பட்டியலில் சேர்ப்பதில்லை. நடைபாதையிலோ பாலத்தடியிலோ ஏறக்குறைய ஒரே இடத்தில் இருந்து வருபவர்களைச் சேர்க்கச் சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் 'எழுந்து போ'ன்னு அடிக்கடி விரட்டுற குடும்பத்துக்கு ஒரே இடம் ஏது? விரட்டுறவங்க இடத்த மட்டுமா புடுங்குறாங்க? கணக்குல இருக்குற எடத்தையும் சேத்துத்தான் புடுங்குறாங்க.

இயக்கங்கள் எடுக்கும் கணக்கும் இதற்கு விலக்கல்ல. காலையில் தெருவுக்குப் போனால், விடியுமுன் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போன அக்கா கூடையோடு வேறெங்கோ விற்றுக்கொண்டிருப்பார். எண்ணூரில் ஷிப்டுக்குப் போன காண்டிராக்ட் தொழிலாளியும் இருக்க மாட்டார். 'பூட்டின வீடு' என்று குறித்துவிட்டுப் பக்கத்து வீட்டைக் கேட்டால், வீட்டில் இருக்க முடிந்தவரின் குரலே தெருவின் குரலாகிவிடும். பூட்டின வீட்டுக்கு ராத்திரி மறுபடி போகத்தான் வேண்டும்.

நம்மை அரசாங்கம் பட்டியல் சாதி என்கிறது. அந்தப் பட்டியலில் சாதிக்குப் பெயர் உண்டு. விரட்டப்பட்ட குடும்பத்துக்கு எந்தப் பட்டியலில் இடம்? இனி எந்த அறிக்கை வந்தாலும் சதவீதத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் பட்டியலைக் கேட்போம். அதுல யாரு இல்ல?