யாருடைய பிரேக்?

இங்கிலாந்தில் 2018 மே மாதத்திலிருந்து ஒரு சலுகை. நாற்பது வயது தாண்டிய கார், பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால், வருடா வருடம் நடக்கும் எம்.ஓ.டி. சோதனைக்குப் போக வேண்டாம். வண்டியை ஓட்டத் தகுந்த நிலையில் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு, அவ்வளவுதான். 1970-களின் போர்ஷே 911 ஒன்றை ஆசை ஆசையாக வைத்திருப்பவருக்கு இது நல்ல செய்தி. எனக்கென்னவோ, பரீட்சையும் எழுது, பேப்பரையும் நீயே திருத்திக்கொள் என்று விட்டுவிட்ட மாதிரி இருக்கிறது.

அந்தக் காரின் பிரேக் காலிப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். பைக்கில் டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், சுழலும் தட்டை இரண்டு பக்கமும் கவ்வும் சமாசாரம். மிதித்தால் பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் பேடைத் தள்ளும். சரி, காலை எடுத்ததும் பிஸ்டனைத் திரும்ப இழுப்பது யார்? ஒரு ரப்பர் வளையம். பிஸ்டன் முன்னே போகும்போது கூடவே கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அழுத்தம் போனதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். திரும்பும்போது பிஸ்டனையும் ஒரு மயிரிழை பின்னால் இழுத்துவிடும். ஆயில் கசியாமல் காப்பதும் அதேதான். இரண்டு வேலை, ஒரே சம்பளம்.

ரப்பருக்கும் வயசாகும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், துருப்பிடிக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் சேர்ந்த பிறகு 155 டிகிரி தாங்கினால் போதும் என்று அதே விதி இறங்கி வருகிறது. கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும். மலைச்சரிவில் மிதிக்கிற பெடல் தரைக்குப் போய்விடும்.

ஆகவே பிரித்து மேய்கிறார்கள். கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்தால் பிஸ்டன் தோட்டா மாதிரி வரும். நடுவில் மரக்கட்டை வைப்பார்கள், விரலை வைக்க மாட்டார்கள். துருவை எடுத்து மஞ்சள் ஜிங்க் முலாம் பூசினால், சும்மா சொல்லக் கூடாது, தங்கம் மாதிரி இருக்கும். சக்கரத்தின் இடுக்கு வழியே பளபளக்கும்.

சிக்கல் பிஸ்டனில்தான். குரோமியம் பூசிய பரப்பில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துருக்குழி இருக்கிறது என்று வையுங்கள். பழைய பேட் தேய்ந்து பிஸ்டன் வெளியே நீண்டிருந்தவரை, அந்தக் குழி ரப்பர் வளையத்துக்கு வெளியே சாதுவாகக் கிடந்தது. தடித்த புதுப் பேட் போட்டால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். குழி நேராக வளையத்துக்கு அடியில் போய் உட்காரும். புது பிஸ்டன் வாங்கலாம். அல்லது உப்புத்தாளால் நாலு தேய்ப்பு தேய்த்து மாட்டிவிடலாம். வெளியே தங்க முலாம், யாருக்குத் தெரியப் போகுது?

என் கார், என் பிரேக், ஏமாந்தால் நான்தானே ஏமாறுகிறேன் என்று ஒரு வாதம் உண்டு. சுதந்திரப் பிரியர்களுக்குப் பிடித்த வாதம். காரில் எஞ்சின் உங்களுடையது, சீட் உங்களுடையது, எஞ்சின் சத்தம்கூட உங்கள் சந்தோஷத்துக்குத்தான். பிரேக் விஷயம் வேறு. அதன் பயனாளிகளில் பாதிப்பேர் காருக்கு வெளியே இருக்கிறார்கள். தள்ளுவண்டியில் குழந்தையோடு ஜீப்ரா கோட்டில் இறங்கும் பெண்ணுக்கு உங்களையும் தெரியாது, உங்கள் பிஸ்டனையும் தெரியாது. ஆனால் உங்கள் உப்புத்தாள் முடிவில் அவளுக்குப் பங்கு இருக்கிறது. பி.காம்.காரர்கள் இதை கன்டின்ஜென்ட் லயபிலிட்டி என்பார்கள். வரலாம், வராமலும் போகலாம் என்கிற கடன். பாலன்ஸ் ஷீட்டின் மொத்தத்தில் சேராது, அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் வரும். இங்கே அந்தப் பொடி எழுத்தையும் எழுதுவதற்கு ஆள் இல்லை.

அப்படியானால் வீட்டில் கை வைக்காதே, மெக்கானிக்கிடம் கொடு என்று சட்டம் போட்டுவிடலாமா? நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வரிசையில் பத்து வண்டி நிற்கிற பட்டறைக்காரருக்கு உங்கள் காலிப்பருக்கு ஒரு மத்தியானம்தான் கிடைக்கும். சொந்தக்காரருக்கு ஒரு குளிர்காலம் முழுக்க இருக்கிறது. ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தைப் பல் குத்தும் குச்சியால் சுத்தம் செய்ய அவருக்குத்தான் பொறுமை உண்டு. கெட்டிக்காரத்தனம் குறைவாக இருக்கலாம், அக்கறை கூட.

ஆனால் அக்கறைக்கு ஒரு கெட்ட குணம். தான் பாடுபட்டுச் செய்தது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பத் துடிக்கும். மூன்று வாரம் தேய்த்த மனுஷனுக்கு, மாட்டிய பிறகு தெரியும் லேசான ஈரம், துடைக்காமல் விட்ட பழைய ஆயில் மாதிரியே தோன்றும். அதனால்தான் விவரமானவர்கள் முதலில் சுத்தமாகத் துடைத்துவிட்டு, இன்னொருவரை உட்காரவைத்துப் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். ராத்திரி கீழே வெள்ளைப் பேப்பர் விரித்துக் காலையில் மறுபடி பார்ப்பார்கள்.

முலாம் வெறும் ஜம்பம் என்றுதான் நானும் எழுத வந்தேன். யோசித்தால் அப்படிச் சொல்ல முடியவில்லை. கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கேறிய காலிப்பரில் கசிவு தெரியாது. புது மஞ்சள் முலாமில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும். பார்த்தவர் மறுபடி நட்டுகளைக் கழற்ற வேண்டும், ஆயிலை வடிக்க வேண்டும், புது முலாமில் ஸ்பேனர் கீறும். புது பிஸ்டனுக்கு அப்போதாவது ஆர்டர் கொடுக்க வேண்டும்.